ஏரிக்கரை விடுதியில் வைத்த கையெழுத்து

ஏரிக்கரை விடுதி
14.03.2024, வியாழன்

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

நேற்றுப் பின்னேரம் சுகமாக வந்து சேர்ந்தோம். "போன் எடுத்தால் லைனை வெட்டுவன்" என்று, அண்ணரோடு நான் புறப்பட்ட கோபத்தில் நீ படலையில் நின்று சொன்னது இன்னும் என் காதில் கிடக்கிறது. வெட்டத் தேவையில்லை. இந்த மலைப் பள்ளத்தில் என் போனுக்குச் சிக்னலே கிடையாது. அண்ணரின் போன் வேலை செய்கிறது, ஆனால் நான் கதைத்தால் அவர் பக்கத்தில் நின்று வாயையே பார்ப்பார். அதனால்தான் கடிதம்.

கொண்டுவந்து தருகிறவர் செட்டிகுளத்துச் சிறாஜ். கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். விடுதிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றார். "அக்காட்டைக் குடுக்கிறது என்ர பொறுப்பு, திரும்பி வரேக்கை மறுமொழியும் கொண்டு வாறன்" என்றார். நோன்பு நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இந்த வளைவுகளில் லொறி ஓட்டுகிறார், பாவம்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் ஏரி, அதற்கு அப்பால் மலை. மலையில் பாதிக்கு எப்போதும் முகில். கட்டில் நன்றாக அமிழ்கிறது, எனக்கு முதுகு பிடித்துவிட்டது, விரிப்பை இழுத்துக் கீழே போட்டுத்தான் படுத்தேன். துவாயை வாத்துப் போல மடித்து வைத்திருந்தார்கள். குலைக்க மனம் வரவில்லை, சாரத்தாலேயே துடைத்துக்கொண்டேன். அண்ணர் பார்த்துச் சிரித்தார்.

வந்தவுடன் வரவேற்பில் பதிவு. நாலைந்து தாள். கோட்டுப் போட்ட ஒருவர் எழும்பிக் கதிரை இழுத்துவிட்டு, கையெழுத்து வைக்கும் இடங்களை விரலால் காட்டினார். எனக்குச் சண்டை முடிந்து முகாமில் பதிந்த நாள்தான் ஞாபகம் வந்தது. ஆனால் இங்கே வரிசையும் இல்லை, தோடம்பழச் சாறும் தந்தார்கள்.

அண்ணர் என் முழங்கால் நோவுக்கு ஓய்வு என்று கூட்டிவந்தாலும், அவர் மனதில் இருப்பது வேறு என்று உனக்குத் தெரியும். இப்படி ஒரு விடுதியை நம்முடைய குளக்கட்டுக் காணியில் கட்டினால் என்ன என்கிறார். மாடியில் நின்றால் குளம் முழுவதும் தெரியுமாம், கனடாவிலிருந்து வருகிற நம் சனமே நிறையுமாம். உனக்குக் குசினிப் பொறுப்பாம். சம்பளத்தோடு. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை, சும்மா கதைதான். முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோது கூரைக்குத் தகரம் அனுப்பியவர் அவர். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே.

யோகலிங்கம்


கண்டாவளை
16.03.2024, சனி

தாட்சாயினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். கோபத்துக்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

குசினிப் பொறுப்பு என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். என் ஐயா சாவகச்சேரியிலிருந்து வந்து, காடு வெட்டி, மலேரியாவில் கிடந்து எழும்பி, பாம்புக்கு ஒரு தம்பியைக் கொடுத்து எடுத்த காணி அது. அந்தக் காணியில் எனக்கு உங்கள் அண்ணர் வேலை தரப் போகிறாரோ? சம்பளத்தோடோ? அவர் தந்த தகரத்தை நான் மறக்கவில்லை. மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஆனால் தகரம் தந்தவருக்குக் காணியைக் கொடுக்க வேண்டும் என்றால், தறப்பாள் தந்தவர்களுக்கு எதைக் கொடுப்பது?

அது கிடக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். வரவேற்பில் வைத்த அந்த நாலைந்து தாள் என்ன தாள்? என்ன மொழி? வாசித்துத்தான் கையெழுத்து வைத்தீர்களா? நான் தேயிலைத் தோட்டத்தையும் வாத்துத் துவாயையும் காணாதவள்தான், ஆனால் ஒரு விடுதியில் படுத்து எழும்ப நாலைந்து தாள் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும். தாட்சாயினியின் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்தபோதுகூட ஒரு தாள்தான்.

ஊருக்குத் திரும்பி வந்து காணிப் பதிவு நடந்த பிறகு, "இனி வாசிக்காமல் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்க மாட்டன்" என்று சொன்னவர் நீங்கள். நான் கேட்டு வாங்கிய சத்தியம் இல்லை. நீங்களாகச் சொன்னது.

ஏன் கேட்கிறேன் என்றால், நேற்றுக் குளக்கட்டில் இரண்டு பேர் நின்று நம் வயலைப் படம் எடுத்தார்கள். ஒருவன் உங்கள் அண்ணியின் மருமகன் கிருசாந்தன். என்ன தம்பி என்று கேட்டேன். "சும்மா அன்ரி, வியூ பாக்கிறம்" என்றான். சும்மா பார்க்க வருகிறவன் அளக்கிற நாடாவோடு வருவானோ?

21ஆம் திகதி வியாழக்கிழமை சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் பங்கிடுகிற கூட்டம். குளத்தில் இந்த முறை பாதித் தண்ணீர்தான். மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒன்றரை ஏக்கருக்குத்தான் பங்கு வருமாம். பதிவுக்காரர் நேரில் வந்து கையெழுத்து வைத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும். ஏறாவிட்டால் இந்தப் போகம் நமக்குத் தண்ணீர் இல்லை. வாங்கோ. முழங்கால் நோவை வீட்டிலும் வைத்திருக்கலாம்.

இரஞ்சிதம்


ஏரிக்கரை விடுதி
19.03.2024, செவ்வாய்

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

நீ இவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. வரவேற்பில் வைத்தது பதிவுத் தாள்தான். பதிவென்றால் கையெழுத்துக் கேட்பார்கள்தானே. வீணாக யோசித்து இரத்த அழுத்தத்தைக் கூட்டாதே, குளிசையை ஒழுங்காகப் போடு.

இங்கே ஒரு பகிடி நடந்தது. விடுதித் தோட்டத்தின் நடுவே மலையிலிருந்து இறங்கும் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. சனிக்கிழமை பெய்த மழையில் இலையும் சேறும் அடைத்து, தண்ணீர் பாதைக்கு ஏறிவிட்டது. நான் இரண்டு நாள் பார்த்தேன். ஒருவரும் தொடவில்லை. நேற்றுக் காலையில் பொறுக்க முடியவில்லை. தோட்டம் கூட்டும் அம்மாவிடம் மண்வெட்டியை வாங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். தண்ணீர் ஓடத் தொடங்கிய சத்தத்தைக் கேட்டபோதுதான் வந்த நாளிலிருந்து முதல் முறையாக எனக்குச் சந்தோசம் வந்தது. முகாமையாளர் ஓடி வந்தார், "சேர், சேர், பிளீஸ்" என்று மண்வெட்டியைப் பறித்தார். அண்ணருக்கு அன்று முழுவதும் கோபம். "நீ விருந்தாளியாய் இருக்கப் பழகு" என்றார். எப்படிப் பழகுவது என்று தெரியவில்லை.

மண்வெட்டி தந்த அம்மாவின் பெயர் ஆராயி. இந்தக் கிராமத்துக்காரி. அறுபது வயது இருக்கும். அவவோடுதான் கொஞ்சம் கதைக்க முடிகிறது.

கூட்டத்துக்கு வருவது கஷ்டம். அண்ணர் வாடகை வானை வருகிற ஞாயிறுக்குத்தான் சொல்லியிருக்கிறாராம். பஸ்ஸில் வரலாம் என்றால், என் அடையாள அட்டை அண்ணரிடம். "நீ துலைச்சுப் போடுவாய், என்ர பையிக்கை இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தார். அட்டை இல்லாமல் ஓமந்தையைத் தாண்டி எப்படி வருவது? நீயே போ. இளையதம்பியர்தானே கமக்காரர் அமைப்புத் தலைவர், உன்னைத் தெரியாதவரோ? சொன்னால் பெயரை எழுதிக்கொள்வார்.

யோகலிங்கம்


கண்டாவளை
22.03.2024, வெள்ளி

தாட்சாயினியின் அப்பாவுக்கு,

நேராகப் பதில் எழுதுங்கள் என்று கேட்டேன். வாய்க்கால் வெட்டின கதை எழுதியிருந்தீர்கள். அப்போதே எனக்கு விளங்கியது. ஆனால் விளங்குவது வேறு, நூறு பேருக்கு முன்னால் கேட்பது வேறு.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனேன். பெயர் கூப்பிட்டார்கள். "யோகலிங்கம், மூண்டு ஏக்கர்" என்றதும் எழும்பினேன். இளையதம்பி அண்ணைக்கு என்னைத் தெரியும், ஆனால் பக்கத்தில் புதிதாக வந்த உத்தியோகத்தர். அந்தத் தம்பி கேட்டார்:

"நீங்கள் காணிக்காரியோ?"

"காணிக்காரற்ர மனிசி" என்றேன்.

"பதிவுக்காரர் வரவேணும் அம்மா."

"அவர் மலைநாட்டிலை நிக்கிறார், சுகமில்லை. நான்தான் முப்பது வருசமா இந்த வயலைப் பாக்கிறன். இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

இளையதம்பி அண்ணையும், "ஓம் தம்பி, அவாதான் செய்யிறவா, எழுதுங்கோ" என்றார். உத்தியோகத்தர் பேனையை எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பின் வாங்கிலிருந்து கிருசாந்தன் எழும்பினான். கையில் ஒரு பிளாஸ்ரிக் உறை. அதற்குள் உங்கள் கையெழுத்து.

"அந்தக் காணி இந்தமுறை விதைக்கேல்லை சேர். பதிவுக்காரர் தன்ர அண்ணருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் குடுத்திட்டார். காணி சம்பந்தமா இனி எல்லாம் அவர்தான். அவற்ர சார்பிலை நான் வந்திருக்கிறன்."

நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். திகதி மார்ச் 13. நீங்கள் தோடம்பழச் சாறு குடித்த நாள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து, அந்தக் கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுக்கிறீர்களே, அதே வால். தாள் முழுக்க இங்கிலீசு. அடியில், பத்திரம் உறுதிசெய்யும் நொத்தாரிசின் முத்திரை. கோட்டுப் போட்டவர் நொத்தாரிசு. உங்களுக்குக் கதிரை இழுத்துவிட்டாரே, அவர்தான்.

நான் அழவில்லை. அழுதிருந்தால் எல்லோரும் பாவம் என்றிருப்பார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் இளையதம்பி அண்ணைதான் சொன்னார்: "பட்டியல் ரெண்டாம் திகதிதான் மேலிடத்துக்குப் போகும். அதுவரைக்கும் இந்தப் பேரை வெட்டவும் மாட்டன், ஏத்தவும் மாட்டன். யோகலிங்கம் நேரிலை வந்து சொல்லட்டும்." கிருசாந்தன் சிரித்துக்கொண்டு போனான். போகும்போது "அன்ரி, உங்களுக்கு நல்லதுதானே செய்யிறம்" என்றான்.

நீங்கள் ஏமாந்தீர்களா, தெரிந்துதான் வைத்தீர்களா? எனக்கு எழுத வேண்டியது இது ஒன்றுதான்.

இரஞ்சிதம்


ஏரிக்கரை விடுதி
24.03.2024, ஞாயிறு

இரஞ்சிதம்,

தெரியாமல்தான் வைத்தேன். ஆனால் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அதை உனக்குச் சொல்லவில்லை. அதுதான் என் பிழை, முதல் பிழையைவிடப் பெரிய பிழை.

நடந்தது இதுதான். பதிவு என்றார்கள். மேசையில் தாளை வைத்தார்கள். "இஞ்ச வையுங்கோ, இஞ்ச வையுங்கோ" என்று விரல் நகர்ந்தது, என் கை பின்னால் போனது. செட்டிகுளம் முகாமில் நாம் எத்தனை தாளில் வைத்தோம் என்று உனக்குத் தெரியும். சிங்களத் தாள், இங்கிலீசுத் தாள், சாப்பாட்டுத் தாள், போர்வைத் தாள். கேள்வி கேட்டவன் வரிசையின் கடைசிக்குப் போனான். அந்தக் கை இன்னும் என்னோடுதான் இருக்கிறது. மேசை, தாள், அதிகாரிபோல ஒருவர், இந்த மூன்றையும் கண்டால் போதும், அது தானாக எழும்பிவிடுகிறது. வாசிக்கிறேன் என்று சொன்ன வாய் சும்மா இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம், உனக்கு முதல் கடிதம் போன பிறகு, அண்ணர்தான் சொன்னார். சந்தோசமாகச் சொன்னார். "கந்தோருகளுக்கு நீ அலையத் தேவையில்லை, எல்லாம் என்ர தலையிலை" என்றார். அவர் என்னை ஏமாற்றியதாகவே நினைக்கவில்லை. எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைக்கிறார். அதனால்தான் சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

இப்போது பிடித்துவிட்டேன். உன் கடிதத்தைச் சிறாஜ் நேற்றுத் தந்தார். உடனே போய், அதைக் கிழித்துப் போடுங்கோ அண்ணை என்றேன். "கிழிச்சால் செல்லாமல் போக அது பஸ் ரிக்கற் இல்லை. யோசிச்சுப் பார், அந்தச் சேத்துக்கை நிண்டு நீ என்னத்தைக் கண்டனி?" என்றார். கத்தவில்லை. தட்டில் இருந்த பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே சொன்னார். இன்றைக்கு வரவேண்டிய வானையும் மறித்துவிட்டார். கோபம் ஆறும்வரை இன்னும் ஒரு கிழமை இங்கேயே நிற்போம் என்கிறார்.

ஆராயியைப் பற்றியும் எழுத வேண்டும். நேற்று அவ என்னிடம் ஒரு உதவி கேட்டா. "ஐயா, ஏரி வரைக்கும் என்கூட வாரீங்களா? நீங்க வந்தா வாச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டான்." ஏன் என்று கேட்டேன். இந்தப் புல்தரை முழுக்க அவவின் மாமனார் செய்த மரக்கறித் தோட்டமாம். அவர் குத்தகைக்கு என்று ஒரு தாளில் கைநாட்டு வைத்தாராம். ஏரிக்கு இறங்குகிற பாதையும் அந்தத் தாளுக்குள் போய்விட்டதாம். பன்னிரண்டு வருசமாக ஒவ்வொரு நாளும் ஏரியைப் பார்த்துக்கொண்டு கூட்டுகிறா, இறங்கிக் கால் நனைத்ததில்லை. கூட்டிக்கொண்டு போனேன். வாச்சர் என்னைப் பார்த்துச் சலாம் போட்டான், அவவைப் பார்த்து முறைத்தான். அவ முழங்கால் வரை இறங்கி நின்று முகம் கழுவிவிட்டு ஏறினா. "குளிரு அப்படியேதான் இருக்கு" என்றா. குளக்கட்டில் நீ ஒரு விருந்தாளியின் துணையோடு இறங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

என்ன செய்வது என்று சொல்லு. அட்டை இன்னும் அவர் பையில். கேட்டேன், தரவில்லை.

யோகலிங்கம்


கண்டாவளை
26.03.2024, செவ்வாய்

தாட்சாயினியின் அப்பாவுக்கு,

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். கையெழுத்து வைக்கும்போது கேட்டிருக்கலாம்.

ஆராயியை அழைத்துக்கொண்டு போனது நல்ல காரியம். அவவைக் கண்டு என்னை நினைத்தீர்கள். நல்லது. ஆனால் அவவுக்கு நடந்தது எனக்குப் புதிதில்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? இதுவரை சொல்லாததை இப்போது எழுதுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காணி என் பெயரில் இருந்தது. ஐயா கண் மூடுவதற்கு முதல் எனக்கு எழுதியது. அனுமதிப்பத்திரம் தகரப் பெட்டிக்குள் இருந்தது, பெட்டி சண்டையின் கடைசி ஓட்டத்தில் மாத்தளனுக்கு இந்தப் பக்கம் எங்கேயோ கிடந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் காணிப் பதிவு வந்தது. குடும்பத் தலைவர் வாருங்கள் என்றார்கள். நீங்கள் போனீர்கள். மேசை, தாள், கை. ஒரு வருசம் கழித்துப் புதுப் பத்திரம் வந்தபோது அதில் உங்கள் பெயர். நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தீர்கள், இனி வாசிக்காமல் வைக்க மாட்டேன் என்றீர்கள். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "ஆற்ற பேரிலை இருந்தால் என்ன, ரெண்டும் ஒண்டுதானே" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தேன்.

பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை. உரக் கடைக்குப் போனால் பதிவுக்காரர் எங்கே. வங்கிக்குப் போனால் பதிவுக்காரர் எங்கே. நேற்று முன்தினம் பிறந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்து நீங்கள் காணிக்காரியோ என்று கேட்டபோது, ஓம் என்று சொல்ல முடியவில்லை. என் ஐயாவின் காணியில் நான் உங்கள் மனிசி. பதினாலு வருசமாக அதை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தேன், நீங்கள் மனம் நோவீர்கள் என்று. உங்கள் முதல் கையெழுத்தில் காணி என்னிடமிருந்து உங்களிடம் போனது. இரண்டாவதில் உங்களிடமிருந்து அண்ணரிடம் போகிறது. நான் இரண்டு முறையும் அந்த மேசைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

அட்டை பற்றி. ஓமந்தையில் சோதனைச் சாவடி எடுத்து எத்தனை வருசம்? போன மாதம் தாட்சாயினியைப் பார்க்க வவுனியா போய் வந்தீர்களே, யார் மறித்தார்கள்? அட்டையை ஒருவரும் கேட்கவில்லை, நீங்களாகத்தான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் அண்ணருக்கு உங்களை நன்றாகத் தெரியும். பூட்டுப் போடத் தேவையில்லை, அட்டையை எடுத்தால் போதும் என்று தெரிந்திருக்கிறது.

சிறாஜ் வியாழக்கிழமை வெறும் பெட்டிகளோடு மேலே வருவார், மூட்டையோடு இறங்குவார். ஏறுங்கள். ஏறாவிட்டாலும் சரி. 2ஆம் திகதி வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு நானே தனியாக என் வழியைப் பார்க்கிறேன். அற்றோணியை முறிக்காமல் வீட்டுக்கு வராதேயுங்கோ. படலை பூட்டியிருக்கும்.

இரஞ்சிதம்


கிளிநொச்சி
01.04.2024, திங்கள்

அன்பின் இரஞ்சிதத்துக்கு,

சந்தைக்குப் பின்னால் சிறாஜின் லொறிக்குள் இருந்து எழுதுகிறேன். முறித்துவிட்டேன்.

வியாழக்கிழமை நான் அண்ணரிடம் ஒன்றும் ஒளிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய், போட்டு வாறன் அண்ணை என்றேன். "அட்டை?" என்றார். உங்களிடமே இருக்கட்டும் என்றேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது. "தகரம் அனுப்பேக்கை இனிச்சது, என்ன?" என்றார். ஓம் அண்ணை, இனிச்சது, இப்பவும் இனிக்குது, ஆனால் காணி இரஞ்சிதத்தின்ர என்றேன். நான் படியிறங்கிச் சிறாஜின் லொறியில் ஏறிவிட்டேன்.

அன்று மண்சரிவு என்று பாதையை மறித்திருந்தார்கள். அடுத்த நாள் விடியத்தான் வவுனியா வந்தோம். பெரிய வெள்ளி. ஒரு கந்தோரும் திறக்கவில்லை. சிறாஜ் செட்டிகுளத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மூன்று நாள் அவருடைய மனைவி றிம்ஸியா காய்ச்சிய நோன்புக் கஞ்சி குடித்தேன். பின்னேரங்களில் அவர் வீட்டு வேலியடியில் நின்றால் முகாம் இருந்த பக்கம் தெரிகிறது. பற்றையாகிக் கிடக்கிறது. நம்முடைய கூடாரம் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இன்று காலை ஓமந்தையைத் தாண்டியபோது, ஓம், சட்டைப் பையைத் தடவினேன். சிறாஜ் பார்த்தும் பார்க்காதவர்போல வெளியே பார்த்தார். ஒருவரும் மறிக்கவில்லை.

இங்கே கிளிநொச்சி நொத்தாரிசு அடையாள அட்டை கேட்டார். இல்லையென்றால் என்னை நன்றாகத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும் என்றார். சிறாஜ் நின்றார். இளையதம்பியர், போனில் சொன்னதும், வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு சைக்கிளில் வந்தார். முறிக்கிற தாள் தமிழில். நான் சத்தமாக வாசித்தேன். நொத்தாரிசு கொட்டாவி விட்டார். இளையதம்பியர், "அவர் முடியுமட்டும் வாசிக்கட்டும் ஐயா" என்றார். பிறகுதான் வைத்தேன். சிறுபோகப் பட்டியலிலும் வைத்தேன். ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணீர் உண்டு. வெள்ளிக்கிழமை வாய்க்கால் திறக்கிறார்கள்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பிரதேச செயலகத்துக்குப் போய்க் காணிக் கிளையில் எடுத்தேன். காணி உனக்கு என்று எழுதுகிற படிவம். முழுக்க வாசித்து, என் கையெழுத்தை வைத்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறது. வாசித்துவிட்டு வைத்து, சிறாஜிடம் கொடுத்துவிடு. அதைக் கண்ட பிறகுதான் படலைக்கு வருவேன்.

யோகலிங்கம்


கண்டாவளை
01.04.2024, திங்கள் பின்னேரம்

இவருக்கு,

சிறாஜை முற்றத்தில் இருத்திவிட்டு எழுதுகிறேன். நோன்பு திறக்கிற நேரமாகிறது, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் "ஆறுதலா எழுதுங்கோ அக்கா" என்கிறார்.

முறித்த தாளின் பிரதியைப் பார்த்தேன். கையெழுத்தின் வால் இந்த முறை குட்டையாக இருக்கிறது. காணி இரஞ்சிதத்தின்ர என்று அண்ணரிடம் சொன்னதை எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுதேன். சிறாஜுக்குத் தெரியாது.

படிவத்தையும் வாசித்தேன். மூன்று முறை. அதில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

முழுக்க வாசித்தேன் என்றீர்கள். நான்காவது பந்தியை வாசித்தீர்களா? அது காணியை எனக்குத் தருகிற படிவம் இல்லை. உங்களுக்குப் பின் எனக்கு என்கிற படிவம். நீங்கள் செத்தால்தான் எனக்குக் காணி. என் பெயரைக் கண்டதும் சந்தோசத்தில் மிச்சத்தைப் பாய்ந்துவிட்டீர்கள். உங்களைத் திருத்த ஒரு ஆயுள் போதாது.

எனக்கு அந்தக் காணி நீங்கள் இருக்கும்போதே வேண்டும். உங்களைச் சாகக் கொடுத்து வாங்குகிற காணி எனக்கு வேண்டாம். யதுர்ஷிகா தெரியும்தானே, இளையதம்பி அண்ணையின் மகள், அதே காணிக் கிளையில்தான் வேலை. அவளைப் போனில் பிடித்துக் கேட்டேன். பெயர் மாற்றுகிறதுக்கு வேறு விண்ணப்பம் இருக்காம். ஐயாவின் பழைய பதிவைத் தேட வேண்டுமாம். வருசக்கணக்காக இழுபடுமாம். "ஆனால் இருக்கு அன்ரி" என்றாள். இழுபடட்டும். பதினாலு வருசம் பொறுத்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை.

நாளைக்குக் காலை எட்டரைக்குக் கந்தோர் திறக்கும். இருவரும் போவோம். மேசையில் தாளை வைப்பார்கள், விரலால் காட்டுவார்கள். உங்கள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள். பிறகு வைக்கலாம்.

இப்போதே சிறாஜோடு வாருங்கள். படலையைத் திறந்து விட்டிருக்கிறேன், மாடு போய்விடும், கெதியாக வாங்கோ. வரும்போது மண்வெட்டிக்கு ஒரு பிடி வாங்கிக்கொண்டு வாங்கோ, பழையது வெடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை தண்ணீர் வருகிறது, கடைவாய்க்கால் முழுக்கப் புல்.

இப்படிக்கு,
காணிக்காரி
இரஞ்சிதம்